ஹசார்ட்: ஆபத்தா, அபாயமா, இடரா?

ஒரு வேதித் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் அட்டையைத் தமிழாக்குவது. வேலை தொடங்குமுன் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய உள்ளங்கை அளவு அட்டை. முதல் கட்டத்தின் தலைப்பு ‘ஹசார்ட்’. இரண்டாவது ‘ரிஸ்க்’. மூன்றாவதில், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும். அகராதியைப் புரட்டினேன். இரண்டு சொல்லுக்கும் ஆபத்து, அபாயம், இடர் என்று அதே மூன்றைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருந்தது. அச்சகத்துக்காரர் வாசலில் காத்திருந்தார். முதல் கட்டத்துக்கு ‘ஆபத்து’, இரண்டாவதற்கு ‘அபாயம்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் அட்டைகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில் ‘ஆபத்து எதுவும் இல்லை’. இரண்டாவதில் ‘மேற்படி’. தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா போகும் குழாயின் ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போட்ட இணைப்பை, கழற்றப் போன ஃபிட்டரும் அதையேதான் எழுதியிருந்தார். சோம்பல் என்று நினைத்துக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஆபத்து இருந்தால் நான் ஏன் சார் அங்கே போகிறேன்?” என்றார்.

அவருடைய தமிழில் பிழை இல்லை. என்னுடையதில்தான் இருந்தது.

தமிழில் ஆபத்து என்றால் வந்துவிட்டது, அல்லது வாசற்படி வரை வந்து நிற்கிறது என்று பொருள். ஆபத்துக்குப் பாவமில்லை என்கிறோம். ஆபத்தில் கைகொடுத்தவர் என்கிறோம். குழாய்க்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் காஸ்டிக்கை யாரும் ஆபத்து என்று சொல்ல மாட்டார்கள். அது முகத்தில் தெறித்தால்தான் ஆபத்து. இந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘பத்’ என்ற வினையடிக்கு விழுதல், போய்ச் சேர்தல் என்று பொருள். முன்னால் ‘ஆ’ ஒட்டினால் ஆபத்து, ‘வி’ ஒட்டினால் விபத்து, ‘சம்’ ஒட்டினால் சம்பத்து. மூன்றும் உடன்பிறப்புகள். நம்மேல் வந்து விழுவது துன்பமா செல்வமா என்பதுதான் வேறுபாடு. ஆகவே ‘வந்து விழுதல்’ என்ற நிகழ்ச்சி ஆபத்தின் வேரிலேயே இருக்கிறது. இன்னும் நிகழாத ஒன்றை அந்தச் சொல்லால் கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்.

அபாயத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ‘அப’ என்றால் விலகி. விலகிப் போவது, இழப்பு, அழிவு. அருகே செல்வதைக் குறிக்கும் ‘உப’ ஒட்டினால் அதுவே உபாயம். மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்கும் பலகையால் இந்தச் சொல் நமக்குப் பழகிப்போனது. அபாயகரமான கழிவு, அபாயகரமான தொழில் என்று அரசாணைகளிலும் நிலைத்துவிட்டது. பெயரடையாக இருக்கும்வரை குறை சொல்ல முடியாது. பெயர்ச்சொல்லாக நிறுத்தினால்தான் ஆபத்தோடு குழம்பிவிடுகிறது. மற்றொரு சங்கடமும் உண்டு. அமிலத் தொட்டி ஒன்றின் மேல் பெயின்டர் ஒரு காலை விழுங்கிவிட்டு ‘அபயம்’ என்று எழுதி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அபயம் என்றால் அஞ்சாதே, அடைக்கலம். பல மாதம் அந்தத் தொட்டி எங்களுக்கு அடைக்கலம் தந்துகொண்டிருந்தது.

தமிழ் மட்டும்தான் இங்கே தடுமாறியது என்று எண்ண வேண்டாம். ஹசார்ட் ஒரு காலத்தில் பகடையாட்டத்தின் பெயர். பழைய பிரெஞ்சிலிருந்து ஏறக்குறைய 1300ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால், அரபியில் பகடையைக் குறிக்கும் ‘அஸ்ஸஹ்ர்’ என்ற சொல் இருக்கிறது என்பார்கள். எல்லா அறிஞர்களும் இதை ஏற்பதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் தற்செயல் என்பதற்குத்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் ஆட்டத்தின் பெயர் பந்தயத்துக்கும், பந்தயத்திலிருந்து இழப்புக்கும், பிறகு இழப்பைத் தருகிற பொருளுக்கும் நகர்ந்தது. ரிஸ்க் இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இரண்டு சொல்லும் வெகுகாலம் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று புழங்கின. வேதி ஆலைக்காரர்களுக்கு அந்தக் குழப்பம் கட்டுப்படியாகவில்லை. 1985இல் பிரிட்டனின் வேதிப் பொறியாளர் கழகம் இது இன்னது, அது இன்னது என்று ஒரு சொற்பட்டியலே வெளியிட வேண்டியிருந்தது. பகடையில் பிறந்த சொல்லைப் பொருளுக்கு ஒதுக்கிவிட்டு, நிகழ்தகவை மற்றதன் தலையில் கட்டினார்கள். வரலாற்றின்படி பார்த்தால் இது நேர் தலைகீழ். தொழிலுக்கு அது போதும்.

அந்தப் பிரிப்பு இதுதான். தீங்கு செய்யும் ஆற்றல் ஒரு பொருளிலோ நிலையிலோ உறைந்து கிடந்தால் அது ஹசார்ட். அந்தத் தீங்கு நிகழ எவ்வளவு வாய்ப்பு, நிகழ்ந்தால் எவ்வளவு பாதிப்பு என்ற இரண்டையும் சேர்த்த கணக்கு ரிஸ்க். தொட்டி நிறைய திரவ அம்மோனியா இருப்பது முதலாவது. மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள் அது. வெளியே வந்தால் ஆவியாகித்தான் தீரும். வால்வின் பேக்கிங் தேய்ந்திருக்கிறதா, உணர்கருவி வேலை செய்கிறதா, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது, அந்தத் திசையில் குடிசைகள் உண்டா என்பதெல்லாம் இரண்டாவது.

போபால் விஷவாயு விபத்தை நினைத்துப் பார்த்தால் இந்தப் பிரிப்பு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது விளங்கும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, அந்த ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் ஏறக்குறைய 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவம் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்கும் அமைப்பை அந்த ஜூன் மாதமே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் ஃபிளேர் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. காஸ்டிக் கரைசலால் வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்கிரப்பர் ஓய்வு நிலையில் இருந்தது. ஜூனிலும் டிசம்பரிலும் அந்த நச்சு ஒரே நச்சுதான். அதைச் சுற்றி நின்ற அரண்கள் ஒவ்வொன்றாகச் சரிய, நிகழும் வாய்ப்பு மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர், ‘ஜூனில் இருந்த அதே ஆபத்துதானே’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். மறுபக்கமும் உண்டு: அத்தனை டன்னைச் சேர்த்து வைத்திருக்கவே வேண்டியதில்லை என்று பிறகு துறையே உணர்ந்தது. அரண் கட்டினால் ரிஸ்க் குறையும்; சரக்கைக் குறைத்தால்தான் ஹசார்ட் குறையும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

என் ஓட்டு இடருக்கு. ஆனால் இடருக்கும் பழைய பொருள் இதுவல்ல. ‘நரகத்தில் இடர்ப்படோம்’ என்று அப்பர் பாடும்போது, இடர் என்பது அனுபவிக்கிற துன்பம். பொய்கையாழ்வாரின் ‘இடராழி’ துன்பக் கடல். துன்பத்தின் பெயரைத் துன்பத்தின் மூலத்துக்கு மாற்றியது இக்காலத் தமிழ். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பகடை பயணம் செய்த தூரத்தோடு ஒப்பிட்டால் இது பக்கத்துத் தெரு. வழியில் கிடக்கும் கல் இடர், கால் இடறுவது விபத்து என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இடருக்கு ரகரம், இடறுக்கு றகரம், இரண்டையும் ஒரே வேரில் கட்டலாமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் வழிமறிப்பார்கள். வேர் ஒன்றுதான் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். வகுப்பறையில் நினைவில் நிற்க அந்தக் கல் போதும்.

‘ஏதம்’ என்ற சொல்லை முன்வைப்பவர்களும் உண்டு. நல்ல பழஞ்சொல். பேதைமை எது என்று கேட்டு, ‘ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்’ என்கிறது குறள். கெடுதலை வாங்கி வைத்துக்கொண்டு ஆதாயத்தைக் கைவிடுவது! பராமரிப்புச் செலவை மிச்சம் பிடிக்கும் நிர்வாகங்களின் கூட்ட அறையில் மாட்டி வைக்கலாம். ஆனால் இரவு ஷிப்டுக்கு வருபவரிடம் ஏதம் என்றால், ‘ஏதோ’ என்று சொல்ல வந்து முடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். மாறாக, பேரிடர் என்ற சொல்லைப் புயலும் வெள்ளமும் தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் போட்டுவிட்டன. அதிலிருந்து இடருக்கு இறங்குவது எளிது.

ரிஸ்க்குக்கு என்ன என்பதில்தான் நெடுநாள் திண்டாடினேன். இங்கே ‘இடர் மேலாண்மை’ என்று ரிஸ்க்கையும் இடராக்கிவிட்டார்கள். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் வேகமாகப் படிக்கப்படும் கடைசி வரியிலோ அது அபாயம். விடை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இலங்கைத் தமிழில், குறிப்பாக வங்கி அறிக்கைகளில், ‘இடர்நேர்வு’ என்று எழுதுகிறார்கள். இடர் நேரக்கூடிய நிலை. நேர்வு என்பதிலேயே நிகழ்தல் இருக்கிறது. நம்முடைய பேரிடர் மேலாண்மை அவர்களுக்கு அனர்த்த முகாமைத்துவம். அதை நான் கடன் வாங்க மாட்டேன். இடர்நேர்வை மட்டும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

இதே சிக்கல் என் பதவியின் பெயரிலும் உண்டு. சேஃப்டிக்குப் பாதுகாப்பு என்கிறோம். செக்யூரிட்டிக்கும் அதேதான். பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டேன் என்று ஊரில் சொன்னபோது, “எந்த கேட்டில் நிற்கிறாய்?” என்று அத்தை கேட்டார். காப்பு என்ற பொருளில் ‘ஏமம்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. நாட்டுக்கு அணியாகக் குறள் சொல்லும் ஐந்தில் ஒன்று. பயன்படுத்தத் துணிவில்லை. அத்தை அதற்கும் ஏதாவது கேட்பார்.

அந்தப் பதவிக்கு வருவோம். தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 40பி பிரிவு, 1000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளிலும், அரசு குறிப்பிடும் இடர்மிக்க ஆலைகளிலும் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. போபாலுக்குப் பிறகு 1987இல் சேர்த்த அத்தியாயம், இடர்களைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்றது. பொறியியல் பட்டமோ பட்டயமோ பெற்று, தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் போன்ற இடங்களில் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் முடித்துத்தான் பெரும்பாலோர் இந்த வேலைக்கு வருகிறார்கள். தகுதிகளில் ஒன்றை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை: பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். கணக்கும் வேதியியலும் தெரிந்து, அந்த மொழியில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு என் அட்டையே சாட்சி. இன்றைக்கு அந்த மொழி பல ஆலைகளில் ஒடியாவாகவோ இந்தியாகவோ இருக்கிறது என்பது தனிக் கதை.

வெளியே இருப்பவர்களுக்கும் இந்தச் சொல் தேவை. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்து, மூச்சு முட்டி, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். அப்படி ஓடும்போது காற்றுக்குக் குறுக்காக ஓடி, வாயு வரும் பாதையை விட்டு விலக வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். ஆலைக்குள் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை ஊதிக்கொண்டிருக்கும், ஒத்திகையில் சொல்லியும் கொடுப்பார்கள். சுவருக்கு வெளியே பெரும்பாலும் இரண்டும் கிடையாது.

எல்லாவற்றையும் தமிழாக்கியே தீருவேன் என்ற பிடிவாதம் எனக்கில்லை. ஆலையில் எது எப்படிப் பிசகக்கூடும் என்று தேடும் ஹேஸாப் என்றொரு ஆய்வு இருக்கிறது; ஹசார்ட்டின் தலையை வெட்டி ஒட்டிய பெயர். 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவானது. குழாய் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் விரல் வைத்து, சில சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ‘இடர் மற்றும் இயக்கத்தகவு ஆய்வு’ என்று பெயர் வைத்தால் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஹேஸாப் ஹேஸாப்பாகவே இருக்கட்டும். அந்தக் கேள்விச் சொற்களைத்தான் தமிழில் கேட்க வேண்டும்: இல்லை, கூடுதல், குறைவு, தலைகீழ். “ஓட்டம் இல்லை என்றால்?” “அழுத்தம் கூடினால்?” ஆங்கிலத்தில் நடந்த கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாய் திறக்காத மூத்த ஆபரேட்டர் ஒருவர், “ஓட்டம் தலைகீழானால்?” என்று நான் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது மழைக்காலத்தில் இரண்டு தடவை நடந்திருக்கிறதே” என்றார். வரைபடத்தில் அந்த இடத்தில் திருப்பித் தடுக்கும் வால்வு இருந்தது. களத்தில் போய்ப் பார்த்தோம். வால்வின் தட்டு துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றிருந்தது.

அட்டையை மறுபடி அச்சடித்தோம். முதல் கட்டம்: ‘இடர் (இங்கே என்ன இருக்கிறது?)’. இரண்டாவது: ‘இடர்நேர்வு (அது எப்போது, யாரைத் தாக்கும்?)’. அடைப்புக்குறிக்குள் இருந்த கேள்விகள்தான் வேலை செய்தன என்று என் மேலாளர் இன்றும் வாதாடுகிறார், இருக்கலாம். அந்த ஃபிட்டரின் அட்டை ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில், ‘குழாயில் மிச்சக் காஸ்டிக் தங்கியிருக்கும்’. இரண்டாவதில், ‘கடைசி போல்ட்டைக் கழற்றும்போது. என்னைத் தாக்காது, கீழே ஏணி பிடிப்பவரை’.