நின்ற நிரல் எப்படி நகர்கிறது?

நிரலில் உள்ள பிழைகளைத் தேட உதவும் மென்பொருள் டீபக்கர். ஓடும் நிரலை நடுவழியில் நிறுத்துவது அதற்கு எளிது. நின்ற இடத்திலிருந்து அதைக் கிளப்புவதுதான் சிரமம். டீபக்கரின் உண்மையான நுட்பமும் அங்கேதான் இருக்கிறது.

இன்டெல் வகைச் செயலியில், லினக்ஸின் கீழ் ஓடும் ஜிடிபி என்ற டீபக்கரைப் பார்ப்போம். ஒரு வரியில் பிரேக்பாயிண்ட், அதாவது 'இங்கே நில்' என்ற குறி, வைத்தால், அந்த வரிக்குரிய இயந்திரக் கட்டளையின் முதல் பைட்டை ஜிடிபி தனியே எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் 204 என்ற மதிப்பை எழுதிவிடுகிறது. 204 என்றால் செயலிக்கு 'நின்று தகவல் சொல்' என்று பொருள். அதை நிறைவேற்றியதும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நிரலை நிறுத்தி ஜிடிபிக்குச் சொல்கிறது. அதற்குள் செயலி ஒரு பைட் தாண்டியிருக்கும். ஜிடிபி அதைப் பின்னுக்கு இழுக்கிறது.

இப்போது 'தொடர்' என்கிறோம். அங்கே இன்னும் 204 இருந்தால் நிரல் அதே இடத்தில் மறுபடி நிற்கும். அசல் பைட்டை வைத்து ஓடவிட்டாலோ, அடுத்த சுற்றில் நிறுத்த அங்கே எதுவும் இருக்காது. எனவே ஜிடிபி அசல் பைட்டை வைத்து, ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு, 204-ஐத் திரும்ப எழுதிய பிறகே நிரலை முழுதாக விடுவிக்கிறது. ஒரு கட்டளை முடிந்ததும் நிற்கும் வசதியைச் செயலியே தருகிறது. 1978-இல் வந்த 8086-இலேயே அதற்கென ஒரு பிட் உண்டு.

அந்த ஒரு கட்டளை ஓடும் நேரத்தில் பிரேக்பாயிண்ட் அங்கே இல்லை! அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேறொரு இழை (த்ரெட்) அப்போது அவ்வழியே வந்தால் நிற்காமல் போய்விடும். அதனால் மற்ற த்ரெட்களை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தவே கூடாது என்றால், அந்தக் கட்டளையை வேறிடத்தில் நகலெடுத்து அங்கே ஓட்டி, விளைவுகளைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு வரி அழைக்கும் ஃபங்ஷனுக்குள் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டுக்குள்) நுழையாமல் அடுத்த வரிக்குப் போவதும் இலேசல்ல. ஃபங்ஷன் திரும்பிவரும் முகவரியில் ஜிடிபி ஒரு தற்காலிக பிரேக்பாயிண்டை வைக்கிறது. ஆனால் 5-இன் தொடர்பெருக்கத்தை (5×4×3×2×1) கணக்கிட, ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நடக்கும் அழைப்புகளும் அதே முகவரிக்கே திரும்பும். அவையே முதலில் வந்து சேரும். முகவரியை மட்டும் நம்பினால் தவறான ஆழத்தில் நின்றுவிடுவோம். அதனால் ஜிடிபி ஸ்டாக்கில், அதாவது முடியாத அழைப்புகளின் அடுக்கில், எந்தச் சட்டகம் (எந்த அழைப்புக்குரிய பதிவு) இருக்கிறது என்பதையும் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் தொடர்கிறது.

இடையில் நாம் வைத்த வேறு பிரேக்பாயிண்ட் குறுக்கிட்டால், நிரல் அங்கேயே நிற்கும். பாதியில் விட்ட நகர்வு ரத்தாகி, அதற்காக வைத்த தற்காலிக பிரேக்பாயிண்டும் அகற்றப்படும்.