கழுவாத ஜெல்லைப் புண்ணில் வைக்காதீர்கள்

களியக்காவிளையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் ஹைட்ரோஜெல் (புண்ணுக்குப் போட நீரைத் தாங்கி நிற்கும் ஜெல்) புராஜெக்ட்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "இயற்கைப் பொருள், ஆகவே உடலுக்கு ஒத்துப்போகும்." இந்த மாதமும் வந்தது. செல் பரிசோதனை ஒன்றுகூட இல்லை.

மரச்சீனி மாவு கிழங்கிலிருந்து, ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து, கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து. சரிதான். ஆனால் குளச்சலில் வாங்கிய ஓட்டைக் காரத்தில் வேகவைத்து எடுத்த கைட்டோசானில் புரதமும் எண்டோடாக்சினும் (பாக்டீரியாவின் நச்சு) மிச்சமிருக்கலாம். அதை 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைக்கிறீர்கள். செல்லுக்கு வேண்டியதோ பிஎச் 7.4. அந்த அமிலம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. போதாததற்குக் குறுக்குப் பிணைப்புக்கு, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்ட, குளூட்டரால்டிஹைடு! ஆஸ்பத்திரிகளில் கருவிகளின் கிருமியைக் கொல்ல 2 சதவீதக் கரைசலாக வைத்திருப்பது அதைத்தான். பிணையாமல் மிஞ்சியது கிருமி, தோல் செல் என்று ஆள் பார்ப்பதில்லை. இறால் ஓடு இயற்கைதான், ஜெல்லுக்குள் தங்கியிருப்பது இயற்கை இல்லை.

ஆல்ஜினேட்டுக்கு எதிர்மின்னேற்றம், கைட்டோசானுக்கு நேர்மின்னேற்றம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பால் திரிந்த மாதிரி ஆகும். முதலில் ஆல்ஜினேட்டை உறையவிட்டு, அப்புறம் நீர்த்த கைட்டோசானில் முக்குங்கள்.

ஆல்ஜினேட்டை உறையவைப்பது கால்சியம். அதற்காகக் கால்சியம் குளோரைடை மேலே ஊற்றாதீர்கள். வெளியே தோல் கட்டும், உள்ளே கூழாகவே கிடக்கும். 100 மில்லி தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 2 கிராம் ஆல்ஜினேட்டைத் தூவுங்கள், மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். குமிழி அடங்க ஓரிரவு விடுங்கள். 0.15 கிராம் கால்சியம் கார்பனேட்டை நைசாகக் கலந்து, கடைசியில் 0.53 கிராம் குளுக்கோனோ டெல்டா லாக்டோனைச் சேர்த்து உடனே அச்சில் ஊற்றுங்கள். லாக்டோன் மெல்ல அமிலமாகி, கார்பனேட்டிலிருந்து மெல்லக் கால்சியத்தை விடுவிக்கும். உள்ளும் புறமும் ஒரே மாதிரி உறையும்.

கழுவுவது பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) வேண்டாம், அது கால்சியத்தைப் பிடுங்கி ஜெல்லைக் கரைக்கும். 0.9 சதவீத உப்புநீரில் துளி கால்சியம் குளோரைடு சேர்த்து, கழுவிய நீரின் பிஎச் 7-ஐத் தொடும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கிருமி நீக்க ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவிக் கலம்) வேண்டாம், அது ஆல்ஜினேட் சங்கிலியை அறுக்கும், ஜெல் தளர்ந்துவிடும்.

மக்களே, ஒரு வேண்டுகோள். மருத்துவப் பொருள்களின் செல் நச்சைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10993-5 முறையில், ஜெல்லை 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து எடுத்த சாற்றில் செல்களை வளர்த்துப் பாருங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே பிழைத்தால் அது நச்சு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பூஜப்புரைப் பிரிவு இத்தகைய சோதனைகளைச் செய்கிறது, நமக்குப் பக்கம்தான். முடிவு வரும்வரை, சர்க்கரைப் புண்ணோடு வீட்டில் இருக்கும் பாட்டியின் காலில் தடவிப் பார்க்க வேண்டாம்.