கொலுப்படி நேரானது, பாட்டியின் முகம் மாறியது

வடபழனியில் உட்கார்ந்து வீட்டு விசேஷ வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். கிரகப்பிரவேசம், வளைகாப்பு, காதுகுத்து, சதாபிஷேகம் எல்லாம் வரும். சென்னையில் பல வீடுகளில் ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். பின்னால் நகர இடமில்லாததால் வைட் ஆங்கிளில் எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் டிவியில் போட்டுப் பார்த்தால் கதவு நிலை வில்லாக வளைந்திருக்கும். "இதை நேராக்கித் தர முடியுமா சார்?" என்று கேட்டு வருவார்கள். முடியும். ஆனால் அந்த வேலை ஃப்ரேமில் இருக்கும் மனிதர்களை என்ன செய்யும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அது உறைத்தது ஒரு நவராத்திரி வீடியோவில். திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. பேரன் தன் ஆக்‌ஷன் கேமராவை ஜன்னல் கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டி, முழுக் கொலுவும் வரும்படி வைட் மோடில் விட்டிருந்தார். ஏழு படி. நடுப்படி நேராக இருந்தது. மேல்படி மேல்நோக்கியும் கீழ்ப்படி கீழ்நோக்கியும் உப்பியிருந்தன. இடது ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டி பாடிக்கொண்டிருந்தார்.

படிகளை வைத்தே திருத்தினேன். ஏழும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராகும்வரை ஸ்லைடரை நகர்த்தினேன். பேரன் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "படி நல்லா இருக்கு சார். ஆனா எங்க பாட்டி இப்படி இல்லையே?" என்றார். மறுபடி பார்த்தேன். பாட்டியின் கன்னம் பக்கவாட்டில் இழுபட்டு, நெற்றி அகன்று, தோள் தடித்து, வேறு யாரோ போலிருந்தார். அரை மணி நேரம் அந்த கிளிப்பில் வேலை செய்த நான் அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

காரணம் இதுதான். இந்த மாதிரி லென்ஸ், மையத்தைவிட்டு விலக விலக உருவத்தைச் சுருக்கிப் பதிகிறது. அதனால் ஓரத்தில் இருக்கும் கோடுகள் பீப்பாய் போல வெளியே உப்புகின்றன. இதற்குப் பேரல் டிஸ்டார்ஷன் என்று பெயர். மையத்தின் வழியே போகும் கோடு மட்டும் வளையாது. கோட்டை நேராக்க வேண்டுமானால் சுருங்கிய ஓரத்தை வெளியே இழுத்தாக வேண்டும். இழுக்கும்போது கோடு நேராகிறது, அங்கே இருக்கும் முகமும் கூடவே இழுபடுகிறது. மூலைக்கு மூலை 120 டிகிரி அகலமாகப் பார்க்கும் லென்ஸில் கோடுகளை முழுக்க நேராக்கினால், மூலையில் இருக்கும் உருண்டையான பந்து இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் நீண்டுவிடும். மென்பொருளை மாற்றினாலும் இது போகாது. அகலமான காட்சியைத் தட்டையான திரையில் நேர்கோடுகளோடு விரித்தால் கணக்கு அப்படித்தான் வரும்.

அதனால் இப்போதெல்லாம் முதலில் ஓரத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கிறேன். ஆளே இல்லாத காலி வீடு என்றால் முழுசாக நேராக்கலாம். ஆள் இருந்தால் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அது கெடாத அளவுக்கே திருத்துவேன். பாட்டியின் கிளிப்பில் கிட்டத்தட்டப் பாதியில் நிறுத்தினேன். மேல்படியில் லேசான வளைவு மிச்சம் இருந்தது. பார்த்த யாரும் அதைக் கேட்கவில்லை.

நீங்களே செய்து பார்ப்பதென்றால், ஓரத்தில் நேர்கோடு தெரியும் ஒரு ஃப்ரேமை நிறுத்திக்கொள்ளுங்கள். ஜன்னல் கிரில், தரை டைல்ஸ் இடுக்கு, கதவு நிலை எதுவானாலும் சரி. கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், அதில் இந்த வளைவை நேராக்க டீஃபிஷ் என்ற எஃபெக்ட் இருக்கிறது. ஆக்‌ஷன் கேமரா என்றால் கைரோஃப்ளோ என்ற மென்பொருளைப் பாருங்கள். அதுவும் இலவசம், பல கேமராக்களுக்கு லென்ஸ் புரொஃபைல், அதாவது அந்த லென்ஸ் எவ்வளவு வளைக்கும் என்ற கணக்கு, தயாராகவே இருக்கும். கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் தெரிந்தவர்கள் லென்ஸ்கரெக்‌ஷன் ஃபில்டரில் கே1 எண்ணைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல மைனஸ் பக்கம் நகர்த்தலாம். கோடு உள்பக்கமாகக் குழிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஒரே கிளிப்பின் நடுவில் அளவை மாற்றாதீர்கள், சுவர் மூச்சு விடுவதுபோல அசையும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஷாட்டை வெட்டி மாற்றுங்கள்.

கேமராவை அண்ணாந்து பிடித்ததால் தூண்கள் மேலே போய் ஒன்றையொன்று நெருங்குவது வேறு விஷயம். அது லென்ஸ் வளைவு இல்லை, இந்த ஸ்லைடரால் சரியாகாது.

போனில் எடுத்தது என்றால் இன்னொரு எச்சரிக்கை. பல போன்கள் 0.5 என்று காட்டும் வைட் லென்ஸின் வளைவை எடுக்கும்போதே திருத்திவிடுகின்றன. கோடெல்லாம் நேராக, ஓரத்து ஆள் மட்டும் இழுபட்டுத் தெரிந்தால் அது ஏற்கெனவே திருத்திய வீடியோ. மேலும் திருத்தினால் இன்னும் கெடும். கோப்ரோவில் 2016இல் வந்த ஹீரோ5 முதல் இருக்கும் லீனியர் மோடும் இதே வேலையைத்தான் கேமராவுக்குள் செய்கிறது. ஓரத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் விசேஷத்துக்கு வைட் மோடில் எடுத்து, பிறகு வேண்டிய அளவு திருத்துவதே என் விருப்பம்.

போனின் ஆட்டக்குறைப்பு ஆன் ஆகியிருந்தாலும் சிக்கல்தான். அது ஒவ்வொரு ஃப்ரேமையும் வெவ்வேறு இடத்தில் வெட்டுகிறது. லென்ஸின் மையம் ஃப்ரேமின் நடுவில் நிற்காமல் அலையும்போது, நாம் போடும் திருத்தம் ஜெல்லிபோல ஆட ஆரம்பிக்கும். எடிட்டிங்கில் ஆட்டம் குறைப்பதாக இருந்தால் லென்ஸ் திருத்தம் முதலில், ஆட்டம் அப்புறம்.

பழைய கேசட்டுகளும் வரும். அந்தக் காலத்துக் கேம்கார்டரில் முன்னால் திருகிப் போடும் வைட் கண்ணாடி வைத்து எடுத்த கல்யாணங்கள். அவற்றில் பாதிப் பேர் லென்ஸ் கோளாறு என்று கொண்டுவருவது உண்மையில் 4:3 படத்தை 16:9ஆக இழுத்துவிட்டதுதான். எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள், கோடுகள் நேராகவே இருக்கும். லென்ஸைத் தொடும் முன் அந்த விகிதத்தைச் சரிசெய்யுங்கள். நம்மூர் பழைய டிவியின் பால் (PAL) முறை வீடியோ 720×576, இன்டர்லேஸ். இரண்டு பாதிகளாகப் பதிந்திருக்கும் அந்தப் படத்தைச் சேர்க்காமலே வளைத்துத் திருத்தினால் அசையும் இடமெல்லாம் சீப்புப்பல் போலக் கோடு விழும். அதனால் முதலில் பாதிகளைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸ், அடுத்து விகிதம், அதன் பிறகே லென்ஸ்.

இந்த நவராத்திரிக்கு எடுக்கப்போகிறவர்கள் கேமராவை ஹாலின் மூலையில் வைத்துப் பாருங்கள், கூடுதல் தூரம் கிடைக்கும். பெரியவர்களை நடுப்பக்கமாக உட்கார வையுங்கள். திருத்தும்போது ஓரம் வெட்டுப்படும் என்பதால் சுற்றிலும் கொஞ்சம் காலியாக விட்டு, 4கேயில் எடுங்கள். 1080பியில் கொடுக்கும்போது தெளிவு குறையாது. எடிட்டருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் பென்டிரைவில் ஒரிஜினலைக் கொடுங்கள். பாட்டியின் வீடியோவை இரண்டாம் தடவை செய்ய முடிந்ததே அந்தப் பேரன் மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால்தான்.