களிமண் மாஸ்க் போட்டதும் முகம் பளிச்னு தெரியுதே, அது எப்படி?

விலை கம்மியான களிமண் ஃபேஸ் மாஸ்க் எதுனாலும் சரி, போட்டு கழுவிட்டு கண்ணாடில பாத்தா முகம் பளிச்னுதான் இருக்கும், அத நான் மறுக்கல. ட்யூப் மேல ‘பிரைட்டனிங்’னு போட்டுருக்கறத அந்த நிமிஷமே நம்பிடுவோம். ஆனா அந்த பளிச்சுக்கும் தோலோட நிறத்துக்கும் பெருசா சம்பந்தமே கிடையாது.

எண்ணெய் வழியுற தோல்ல வெளிச்சம் ஒரே பக்கமா பட்டு திரும்புது, அதனால மூக்கு, நெத்தின்னு அங்கங்க மினுக்கும், மினுக்காத எடமெல்லாம் பக்கத்துலயே மங்கலா தெரியும். எண்ணெய எடுத்துட்டா வெளிச்சம் எல்லா பக்கமும் சமமா சிதறும், முகம் ஒரே சீரா தெரியும். கூடவே தேச்சு கழுவும்போது மேல ஒட்டிட்டு இருந்த செத்த செல்லும் கொஞ்சம் போயிடுது, தேய்க்கறதுல ரத்த ஓட்டம் கூடி லேசா ஒரு சிவப்பும் வருது. இது அத்தனையும் சேந்ததுதான் அந்த பளிச்.

சரி, எண்ணெய களிமண் எப்படி எடுக்குது? பெரும்பாலான மாஸ்க்ல இருக்கறது ரெண்டு மண்ணு, கயோலின், பென்டோனைட். ரெண்டுமே கண்ணுக்கு தெரியாத மெல்லிசு தகடு தகடா அடுக்கின சிலிக்கேட். கயோலின்ல அடுக்குங்க ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா ஒட்டியிருக்கும், தண்ணி உள்ள போகாது, அதனால அது சாது. பென்டோனைட் அப்படி இல்ல, அதுல இருக்கற மான்ட்மொரில்லோனைட் அடுக்குகளுக்கு நடுவுல தண்ணி புகுந்து ஊதிக்கும், ஒரு கிராம எடுத்து அதோட அடுக்கெல்லாம் பிரிச்சு விரிச்சா 700 சதுர மீட்டருக்கு மேல வரும், கிட்டத்தட்ட மூணு டென்னிஸ் கோர்ட். இவ்ளோ பரப்பும் நுண்ணிய சந்தும் இருக்கறதால எண்ணெய் தானா போய் ஒட்டிக்குது, மண்ணு காயக் காய அந்த சந்துகள் எண்ணெய உறிஞ்சுது. முல்தானி மெட்டியும் இதே வேலதான், செம்மறி ஆட்டு ரோமத்துல இருக்கற பிசுக்க எடுக்க இந்த மாதிரி மண்ணதான் ரொம்ப காலமா பயன்படுத்தினாங்க, அந்த பிசுக்கும் ஆட்டோட எண்ணெய் சுரப்பில இருந்து வர்றதுதான்.

களிமண்ணுக்கு நெகட்டிவ் சார்ஜ் இருக்கு, அது உடம்புல இருக்கற நச்ச இழுத்துடும்னு விளம்பரத்துல வரும். சார்ஜ் இருக்கறது நிஜம். ஆனா அது பிடிக்கறது தன் மேல படுற பாசிட்டிவ் அயனிகளதான், தோலுக்கு அடில ரத்தத்துல ஓடுறத வெளிய இழுக்க அதால முடியாது. எண்ணெய்ல இருக்கற ஸ்க்வாலீன், டிரைகிளிசரைடு மாதிரி சமாச்சாரத்துக்கு சார்ஜே கிடையாது, அங்க இந்த கதையே செல்லாது.

இப்ப லேபிளுக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. 1 சதவீதத்துக்கு மேல இருக்கற பொருள் எல்லாம் அளவு இறங்கு வரிசைலதான் எழுதணும், அதுக்கு கீழ இருக்கறத எந்த வரிசைலயும் எழுதலாம், இதுதான் பெரும்பாலான நாடுகள்ல நடைமுறை. ஃபீனாக்ஸிஎத்தனால்னு ஒரு பிரிசர்வேட்டிவ், ஐரோப்பிய விதிப்படி அதிகபட்சம் 1 சதவீதம்தான் போடலாம். ஆக லிஸ்ட்ல அந்த பேர தாண்டி வர்றது எதுவா இருந்தாலும் 1 சதவீதத்துக்கு மிஞ்சாது (கலர் பொருள் மட்டும் விதிவிலக்கு, அத கடைசில போட்டுக்கலாம்). இந்த மாதிரி மலிவு மாஸ்க் நெறைய பாத்தீங்கன்னா முதல்ல தண்ணி, கயோலின், கிளிசரின், பென்டோனைட், அப்புறம் ஃபீனாக்ஸிஎத்தனால், ட்யூப் முன்னாடி பெரிய எழுத்துல போட்டிருந்த நியாசினமைடு (வைட்டமின் பி3ல ஒரு வகை), அதிமதுர சாறு எல்லாம் அதுக்கப்புறம்தான் வரிசைல நிக்குது!

டைட்டானியம் டையாக்சைடு இருக்கான்னும் பாருங்க, சில லேபிள்ல சிஐ 77891னு நம்பரா இருக்கும். சுவர் பெயின்ட்ல வெள்ளைக்கு போடுறதும் இதேதான். இதோட ஒளிவிலகல் எண் 2.5க்கு மேல, வெளிச்சத்த நல்லா சிதறடிக்கும், கழுவினதுக்கப்புறம் மெல்லிசா கொஞ்சம் தங்கிடுச்சுன்னா முகம் வெளுத்த மாதிரி காட்டும். ஈரப் பஞ்ச வச்சு தொடச்சு பாத்தா தெரிஞ்சிடும்.

நியாசினமைடு ஏமாத்து வேலன்னு சொல்ல வரல. நிறத்த கொடுக்கற மெலனின் மேல்தோலோட அடித்தட்டுல மெலனோசைட்டுங்கற செல்லுல உருவாகி, சின்ன சின்ன பொட்டலமா பக்கத்து செல்லுக்கு போகுது. நியாசினமைடு அந்த கைமாத்தத்ததான் குறைக்குது. ஆனா ஏற்கனவே நிறம் ஏறின செல்லு மேல வந்து உதிரவே ஒரு மாசத்துக்கு பக்கம் ஆகும். அதனால ஆய்வுகள்ல 2லேர்ந்து 5 சதவீதம் நியாசினமைட க்ரீமா தினமும் தடவி, கழுவாம விட்டு, வாரக்கணக்குல பாத்தாங்க. பதினஞ்சு நிமிஷம் வச்சுட்டு கழுவி சாக்கடைல விடுற மாஸ்க்ல, அதுவும் 1 சதவீதத்துக்குள்ள இருந்து என்ன பண்ணும்?

நீங்களே டெஸ்ட் பண்ணணும்னா பாதி முகத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்க, இன்னொரு பாதிய அதே அளவு தேச்சு வெறும் தண்ணில கழுவுங்க. போட்டோ எடுக்கறப்ப ஃபில்டர அணைச்சுட்டு ஒரே எடத்துல ஒரே வெளிச்சத்துல நின்னு, முகத்துக்கு பக்கத்துல ஒரு வெள்ளை பேப்பர் வைங்க, ஏன்னா போன் கேமரா வெளிச்சத்த அதுவா ஏத்தி இறக்கிடும், ரெண்டு போட்டோலயும் பேப்பர் ஒரே வெள்ளையா இருந்தாதான் முகத்த ஒப்பிட முடியும். லேப்ல இதுக்கு கலரிமீட்டர் இருக்கு, கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100னு வெளிர்மைய எண்ணா சொல்லிடும். எண்ணெய்க்கு பிளாட்டிங் பேப்பர், அதாவது முகத்துல ஒத்தி எண்ணெய் எடுக்கற மெல்லிசு காகிதம் போதும், பேப்பர் நாருக்கு நடுவுல இருக்கற காத்த எண்ணெய் தள்ளிட்டு நிரப்புறதால அந்த எடம் வெளிச்சம் ஊடுருவுற மாதிரி ஆகிடும். நான் இப்படி பண்ணதுல மாஸ்க் பக்கம் பேப்பர்ல கறையே இல்ல, வித்தியாசம் தெளிவா தெரிஞ்சுது, மறுநாள் காலைல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். சுரப்பி சும்மா இருக்குமா.

மாஸ்க் வெடிச்சு உதிர்ற வரைக்கும் காய விடாதீங்க. இறுக்குதே, வேலை செய்யுதுன்னு தோணும், ஆனா தண்ணி ஆவியாகி மண்ணு சுருங்குறதுதான் அந்த இறுக்கம், அதுக்கு மேல வச்சா தோல்தான் காஞ்சு எரியும். ஓரம் வெளுத்து நடுவுல இன்னும் ஈரம் இருக்கறப்பவே கழுவிடலாம்.

ஒருவேளை எதையாவது போட்டு சில நாள்லயே நிஜமா நிறம் வெளுக்குதுன்னா அப்பதான் பயப்படணும். பாதரசம் மெலனின உருவாக்குற டைரோசினேஸ் என்ஸைம அடக்கிடும், அதுக்காகவே சில வெளுப்பு க்ரீம்ல கள்ளத்தனமா கலக்கறாங்க, அது தோல் வழியா உள்ள போய் சிறுநீரகத்த கெடுக்கும். பாதரசத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தம் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல ஒரு பங்கு) மேல பாதரசம் இருக்கற அழகு சாதனத்த 2020க்குள்ள நிறுத்த சொல்லிடுச்சு, இருந்தும் வந்துட்டேதான் இருக்கு. லேபிள்ல மெர்க்குரி, மெர்குரஸ் குளோரைடு, கலோமெல்னு எந்த பேர் இருந்தாலும் தொடாதீங்க, லேபிளே இல்லாத டப்பாவ சுத்தமா தொடாதீங்க.