ஒரு கிலோ லேப்டாப்: எடையைக் குறைக்க எதை எடுத்தார்கள்?

கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு லேப்டாப்பைக் கையில் தூக்கிய அந்த நொடியிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. ஒரு கிலோவை ஒட்டிய மெல்லிய மாடலை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள், முகம் மலர்ந்துவிடும். அதே விலையில் பக்கத்தில் இருக்கும் 1.7 கிலோ மாடலை அப்புறம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களில் சிலரே ஒன்றிரண்டு வருடம் கழித்து சர்வீஸ் மேசைக்கு வந்து, "சார், ரொம்ப ஸ்லோவா இருக்கு, ரேம் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்று கேட்பார்கள். அதில் ரேம் ஏற்ற வழியே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வாங்கும் அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

எடை குறைந்த லேப்டாப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் முதுகில் சுமந்து போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் எடை சும்மா குறைவதில்லை. உள்ளே இருந்த ஏதோ ஒன்றை எடுத்தோ சுருக்கியோதான் குறைக்கிறார்கள். எடுத்தது உங்கள் வேலைக்குத் தேவையான பாகமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் சுருங்குவது குளிர்விக்கும் அமைப்பு. பிராசஸர் வேலை செய்தால் சூடாகும். ஹீட் பைப்பும் ஃபேனும் அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இன்டெல்லின் மெல்லிய லேப்டாப் பிராசஸர்கள் பல காலமாக 15 வாட் மின்சாரம் இழுக்கும் கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. கேமிங், எடிட்டிங் லேப்டாப்களில் வருபவை 45 வாட் வகை. இரண்டிலும் 'ஐ7' என்றே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதுமட்டுமில்லை, அச்சு அசலாக ஒரே பிராசஸரைக்கூட ஒரு கம்பெனி குறைந்த வாட்டில் ஓடவிடும், இன்னொரு கம்பெனி தாராளமாக விடும். இந்தக் கணக்கைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஒரே பிராசஸர் போட்ட மெல்லிய மாடல் ஒன்றையும் தடித்த மாடல் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். முதல் அரை நிமிடம் இரண்டும் சேர்ந்தே ஓடும். அந்த நேரத்தில் பிராசஸர் தன் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்து டர்போவில் போகும். அப்புறம் மெல்லிய மாடலில் கீபோர்டுக்கு மேல் பக்கம் கை வைத்தால் சுடும், வேகம் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். தடித்தது சத்தம் போட்டுக்கொண்டே அதே வேகத்தில் முடித்துவிடும். புரோஷரில் போட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸ் கணக்கு அந்த முதல் அரை நிமிடத்துக்கானது. பத்தாவது நிமிடத்தில் என்ன வேகம் என்பதை வைத்துத்தான் நான் லேப்டாப்பை மதிப்பிடுவேன்.

ஆப்பிளில் இதற்குச் சுத்தமான உதாரணம் இருக்கிறது. 2020 நவம்பரில் எம்1 சிப்பை மேக்புக் ஏர், 13 இன்ச் மேக்புக் ப்ரோ இரண்டிலும் போட்டார்கள். ஏர் 1.29 கிலோ, ப்ரோ 1.4 கிலோ. ஏரில் ஃபேனே கிடையாது, ப்ரோவில் உண்டு. மெயில், பிரவுசர், எக்செல் என்று இருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நீண்ட நேரம் எக்ஸ்போர்ட் ஓடினால்தான் ஏர் மெதுவாகும். அந்த ஏரை நான் பலருக்கும் தயங்காமல் சொன்னதுண்டு, அவர்கள் வேலைக்கு ஃபேன் தேவைப்படாது என்று தெரிந்ததால்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேக்புக் இயங்க ஏற்ற வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிளே விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறது. மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுவார். பிராசஸர் சுமார் 100 டிகிரியைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையே 38 டிகிரி என்றால் சூட்டைத் தள்ள இருக்கும் இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. குளிர்ந்த அறையில் சோதித்து எழுதிய ரிவ்யூவை அப்படியே நம்பி வாங்கிவிட வேண்டாம்.

அடுத்தது ரேம். என்னிடம் வரும் மனக்குறைகளில் பெரும்பங்கு இதில்தான். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து முதல் மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினார். 1.36 கிலோ எடை, சிடி டிரைவ் இல்லை, ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட், மதர்போர்டிலேயே சால்டர் செய்த, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்த 2 ஜிபி ரேம். அன்று அதைக் குறையாகச் சொன்னார்கள். இன்று மெல்லிய லேப்டாப்களில் அதுவே வழக்கம். இதில் கம்பெனிகளின் வியாபாரக் கணக்கு மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர் வகை ரேம் பிராசஸருக்கு மிக அருகில் இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும்; பேட்டரி கூடுதல் நேரம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேமைப் பிராசஸர் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 16 ஜிபி அல்லது 32 ஜிபி, வேறு அளவே கிடையாது. கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற புது வகையும் அதே ஆண்டில் ஒரு திங்க்பேட் மாடலில் வந்தது, ஆனால் அது ஒர்க்ஸ்டேஷன் வகை லேப்டாப்.

ஆக, மெல்லிய லேப்டாப்பில் இன்று வாங்கும் ரேம்தான் கடைசிவரை. 8 ஜிபியை எடுக்காதீர்கள். ஆப்பிளே 2024 அக்டோபரில் ஏரின் ஆரம்ப அளவை 16 ஜிபி ஆக்கிவிட்டது. பட்ஜெட் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் இறங்க வேண்டாம். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி விஷயத்தில் அவ்வளவு பயமில்லை. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் கழற்றி மாற்றலாம், மேக்புக் ஏரில் முடியாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சால்டர் செய்த ரேம் பழுதானால் சாதாரணமாக முழு மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். அதன் விலையைக் கேட்டபின் பழுதுபார்க்காமலே லேப்டாப்பைத் திரும்ப எடுத்துப் போனவர்கள் உண்டு.

பேட்டரியில் பார்க்க வேண்டியது வாட்-ஹவர் எண், அதாவது அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற கணக்கு. "18 மணி நேரம்" என்ற விளம்பரத்தைவிட இந்த எண் நம்பகமானது. எடையைக் குறைக்கச் சிலர் பேட்டரியையே சின்னதாக்கிவிடுகிறார்கள், அதனால் கட்டாயம் கேளுங்கள். மெல்லிய உடலில் இன்னொரு சங்கடமும் உண்டு. "டச்பேட் கிளிக் ஆக மாட்டேங்குது" என்று கொண்டுவருவார்கள். அடிமூடியைத் திறந்தால் பேட்டரியின் வெள்ளி உறை அப்பளம் மாதிரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருக்கும். தடித்த லேப்டாப்பில் கொஞ்சமாவது இடைவெளி இருக்கும், இதில் அதுவும் இல்லை. இப்படித் தெரிந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். சார்ஜ் போடவோ, அழுத்திச் சமப்படுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள்.

சரி, எடைக்கு வருவோம். நீங்கள் சுமப்பது லேப்டாப்பை மட்டுமல்ல. பார்சல் போட வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில், யோசித்துக்கொண்டு நிற்பவர்களின் பையை மொத்தமாக வைத்துக் காட்டுவேன். சார்ஜர், எச்டிஎம்ஐ டாங்கிள், யுஎஸ்பி ஹப், மவுஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோ லேப்டாப் ஒன்றரை கிலோவை நெருங்கிவிடும். இரண்டே டைப்-சி போர்ட் உள்ள மாடலை வாங்கிக்கொண்டு, வகுப்பறை புரொஜெக்டரில் மாட்ட வழியில்லாமல் தவிக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எச்டிஎம்ஐயும் சாதாரண யுஎஸ்பியும் உடலிலேயே உள்ள 1.3 கிலோ மாடலோடு கான் (GaN) என்ற சின்ன வகை சார்ஜர் ஒன்றைச் சேர்த்தால் பை அதே அளவுதான் கனக்கும். விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

விலை என்றால், ஒவ்வொரு நூறு கிராம் குறைவுக்கும் காசு கேட்கிறார்கள். மெக்னீசியம் கலவை, கார்பன் ஃபைபர் எல்லாம் பிளாஸ்டிக் விலையில் வராது. ஒரு கிளையன்ட் ஆபீசிலிருந்து இன்னொன்றுக்கு அலைகிற ஆடிட் அசிஸ்டென்டுக்கு அந்தக் காசு நியாயமான செலவு. டேலியும் எக்செலும் எந்த மெல்லிய லேப்டாப்பிலும் ஓடும். ஹாஸ்டல் மேசையை விட்டு அசையாத லேப்டாப்பில் கேட் (CAD) மென்பொருள் வரைபடமும், அதை நிஜப் படம் போல மாற்றும் ரெண்டரிங்கும் செய்யப்போகும் கட்டடக்கலை மாணவருக்கு அதே காசு வீண். அந்தப் பணத்தில் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள, ரேம் ஸ்லாட் உள்ள லேப்டாப் கிடைக்கும். மகனோடு வந்த ஓர் அப்பா, "தம்பிக்குத் தூக்க லேசா இருக்கணும் சார்" என்று பிடிவாதமாக நின்றார். தம்பியைத் தனியாகக் கேட்டபோது, கல்லூரி லேபில் தனிக் கணினி இருக்கிறது, லேப்டாப்பை எடுத்துப் போகவே வேண்டாம் என்றான். இந்த ஒரு கேள்வியை வீட்டிலேயே கேட்டுக்கொண்டு வந்தால் எவ்வளவோ நல்லது.

லேசாகவும் வேண்டும், செலவும் கட்டுப்படி ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் வழி, கம்பெனிகள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த பிசினஸ் லேப்டாப்கள். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், எச்பி எலைட்புக், டெல் லாட்டிட்யூட் 7000 வரிசை போன்றவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். புதிதாக இருந்தபோது விலை உயர்ந்தவை, உடல் உறுதியானது, எடையும் குறைவு. எக்ஸ்1 கார்பனில் ரேம் சால்டர் செய்தது என்பதால் 16 ஜிபி உள்ளதையே தேடி எடுங்கள். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பயாஸில், அதாவது லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புதிது வாங்குகிறவர்கள் டெமோ பீஸில் பிராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லலாம். ஓடும்போது கீபோர்டின் மேல் கை வையுங்கள், ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். அப்புறம் மாடல் நம்பரை கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு கம்பெனி இணையதளத்தில் தேடுங்கள். ஒரே பெயரில் ரேம் ஸ்லாட் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை விற்பார்கள், வித்தியாசம் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் இருக்கும்.