பஃபர்: இடையகமா, தாங்கலா?

காரைக்குடி ஜங்ஷனில் பழைய நீல நிற ஐ.சி.எஃப் பெட்டி நின்றால் அதன் முன்பக்கத்தைப் பாருங்கள். தட்டு வைத்த இரண்டு இரும்புக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவைதான் பஃபர். பெட்டியும் பெட்டியும் மோதும் வேகத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும். ‘பஃப்’ என்ற பழைய ஆங்கில வினைக்கு, மெத்தென்ற ஒன்றின்மேல் அடி விழுவதுபோல் ஓசை எழுப்புவது என்று பொருள். நம் ‘பொத்’ மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது இரும்புக்கு ஒட்டிய இந்தப் பெயர், பிறகு வேதியியலுக்கும் அரசியலுக்கும் கடைசியாகக் கணினிக்கும் போனது.

தமிழில் ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் இழுக்க முடியாது. கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அமிலத்தன்மை பெரிதாக மாறாத கரைசலைப் பாடநூல்கள் ‘தாங்கல் கரைசல்’ என்கின்றன. நல்ல சொல், அதிர்ச்சியைத் தாங்குவதுதானே அதன் வேலை. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களில் வரும் தாங்கல் நீர்நிலையைக் குறிப்பதால் கணினிக்கும் அதுவே பொருந்தும் என்று முன்பு நினைத்தேன். இப்போது ‘இடையகம்’ பக்கம் சாய்ந்துவிட்டேன். கணினி பஃபர் என்பது தரவைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் நினைவிடம். அது அடியைத் தாங்குவதில்லை. வேகமாகக் கொடுப்பவனுக்கும் மெதுவாக வாங்குபவனுக்கும் இடையில் இருக்கும் அகம், அவ்வளவுதான்.

ஆனால் இடையகம் என்ற சொல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதி எங்கள் வீட்டு வளவில் நடந்தது. ஐப்பசி அடைமழையில் நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் மூலைத் தகரக் குழாய்க்கு வரும். அதன் கீழே பித்தளை அண்டா. அப்பத்தா மூன்றாம் கட்டு அடுப்படியில் இருக்கும். “டேய், முக்கா அண்டா நெறஞ்சதும் ஒரு சத்தம் குடு” என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் போகும். நிறைந்த பிறகு கூப்பிட்டால் அது நடந்து வருவதற்குள் தண்ணீர் வழிந்துவிடும். மிச்சமிருக்கும் கால் அண்டா இடம், அப்பத்தாவின் நடைக்கான அவகாசம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஓப்ரொஃபைல் என்று ஒரு பகுதி இருந்தது. எந்த நிரல் செயலியின் நேரத்தை எவ்வளவு தின்கிறது என்று மாதிரி எடுத்துக் கணக்குப் பார்ப்பது அதன் வேலை. 2002-ல் சேர்ந்து 2021-ல் நீக்கப்பட்டது. 2009-ல் வந்த பெர்ஃப் என்ற கருவி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஓப்ரொஃபைல் இடையகத்தில் இயல்பாக 1,31,072 பதிவுகளுக்கு இடம். 32,768 இடம் மிச்சமிருக்கும்போதே, அதாவது 98,304 பதிவுகள் சேர்ந்ததும், அவற்றை எடுத்துப்போகக் காத்துத் தூங்கும் வாசிப்பு நிரலை எழுப்பிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அச்சாக முக்கால் அண்டா!

அந்த மிச்ச இடத்துக்கு ‘வாட்டர்ஷெட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அது மழைநீரை இரு பக்கமும் பிரித்துவிடும் மேட்டின் பெயர். அதற்கும் இதற்கும் என்ன உறவோ. பெர்ஃபில் இதையொத்த எல்லைக்கு ‘வாட்டர்மார்க்’ என்று பெயர். அதை ‘மட்டக்குறி’ என்றால் போதும். கலுங்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கண்மாயில் கலுங்கு பாய்கிறது என்றால் தண்ணீர் மிஞ்சி வெளியேறுகிறது என்று பொருள். இங்கே அது நிரம்பிய இடையகத்தில் இடம் கிடைக்காமல் கைவிடப்படும் பதிவு. மட்டக்குறி அதற்கு முந்தைய எச்சரிக்கை.

அண்டாவோரம் நான் செய்த பிழைகள் எல்லாமே நிரலிலும் வரும். குறியைத் தண்ணீர் ‘சரியாக’த் தொடும்போது கத்த வேண்டும் என்று காத்திருப்பேன். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கொட்டு கொட்டி மட்டம் குறியைத் தாண்டிவிடும். தொடவில்லையே என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஓப்ரொஃபைல் நிரலில் இருந்ததும் ‘சமமா’ என்ற சோதனைதான். பதிவுகள் ஒவ்வொன்றாக ஏறியதால் தப்பித்தது. ஒரே எட்டில் பல பதிவுகள் ஏறும் இடையகமாக இருந்தால் ‘சமமா அல்லது மேலா’ என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்தது பொல்லாதது. அப்பத்தா வாசல்படியில் நின்று “ஆச்சாடா?” என்று கேட்கும். “இல்ல.” அது திரும்பி அடுப்படிக்கு நடக்கும் அதே நொடியில் குறி எட்டிவிடும். நான் போடும் சத்தம் ஓட்டு மழையில் கரைந்துபோகும். அப்பத்தாவோ, அழைப்பு வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கும். இதற்குத் ‘தொலைந்த எழுப்பல்’ என்று பெயர். மருந்து எளிது: தூங்கப் போகிற நிரல் முதலில் காத்திருப்போர் வரிசையில் தன் பெயரைப் பதிந்துவிட்டு, அதன் பிறகு இன்னொரு முறை மட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் முன்பின்னாக மாறினால் நாள் கணக்கில் தேட வைக்கும் பிழை இது. சோதிக்கும்போது பெரும்பாலும் வராது.

மழை பாதியில் விட்டுவிட்டால்? அரை அண்டாவோடு நான் விளையாடப் போய்விடுவேன். குறி எட்டவில்லை, ஆகவே கூப்பிடவில்லை. கணக்கெடுப்பை நிறுத்தும்போதும் இப்படியே கடைசிப் பதிவுகள் யாருக்கும் தெரியாமல் கிடக்கக்கூடும். அதனால்தான் ஓப்ரொஃபைலை நிறுத்தும் கட்டளை வந்ததும், மட்டம் எதுவானாலும் வாசிப்பவனை ஒரு முறை எழுப்பிவிடுவார்கள்.

வாசிப்பவனை எழுப்பும் இந்த வேலைக்கு ‘அறிவிப்பு’ என்று எழுதுகிறார்கள். கோயில் பலகையில் எழுதிப் போட்டாலும் அது அறிவிப்புதான், பார்க்காமல் போகலாம். தூங்குகிறவனைத் தட்டுகிற இதற்கு ‘எழுப்பல்’ என்றே எழுதுகிறேன்.