டெக்ஸ்சர்டு: இழையா, சொரசொரப்பா?

மார்பக இம்பிளான்ட், அதாவது மார்புக்குள் வைக்கும் சிலிக்கான் பை, பற்றிப் படித்தால் 'டெக்ஸ்சர்டு' என்ற சொல்லில் முட்டாமல் இருக்க முடியாது. தமிழில் இதை 'இழையமைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். வேரைப் பார்த்தால் சரிதான், லத்தீனில் 'டெக்ஸெரே' என்றால் நெய்தல், ஜவுளிக்கான 'டெக்ஸ்டைல்' வந்ததும் அதிலிருந்துதான். ஆனால் இந்தச் சிலிக்கான் பையில் இழையும் இல்லை, நெசவும் இல்லை. மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? உடம்புக்குள் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அதைச் சுற்றி நார்த்திசு ஒரு உறை கட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்த உறை சுருங்கி, மார்பு கல்லாக இறுகி வலிக்கும். டாக்டர்கள் 'கேப்சுலர் கான்ட்ராக்சர்' என்பது இதைத்தான். 'உறை இறுக்கம்' என்றால் யாருக்கும் புரியும். வழுவழுப்பான பையைச் சுற்றி நார்கள் ஒரே வரிசையாகப் படிந்து சேர்ந்து இழுக்கும், கரடுமுரடாக இருந்தால் வரிசை கலையும் என்பது கணக்கு. கண்ணீர்த்துளி வடிவப் பை உள்ளே திரும்பிவிடாமல் பிடிப்பும் கிடைக்கும். தேய்ந்துபோன அம்மியில் மிளகாய் வழுக்குகிறது என்று கொத்தி வாங்குவோமே, கிட்டத்தட்ட அதே யோசனை.

அலர்கான் என்ற நிறுவனத்தின் 'பயோசெல்' வகையில் சிலிக்கான் இறுகுவதற்கு முன் உப்புப் பரல்களைப் பதித்து, பிறகு கழுவி எடுத்தார்கள். உப்பு இருந்த இடமெல்லாம் குழி.

உறை இறுக்கம் குறைந்தது, சரி. அப்புறம் வேறொன்று கிளம்பியது: அந்த உறையிலும் அதற்குள் தேங்கும் நீரிலும் உண்டாகும் ஒரு நிணநீர்ப் புற்று. இது மார்பகப் புற்று அல்ல. பெரும்பாலும் அறுவை முடிந்து பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கும். 2019 ஜூலையில், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ சொன்ன கணக்குப்படி உலகம் முழுக்க இந்தப் புற்று வந்தவர்கள் 573 பேர், இறந்தவர்கள் 33. அந்த 573-இல் 481 அலர்கான் பைகள். பயோசெல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. தொந்தரவு இல்லாதவர்கள் எடுத்துவிட வேண்டியதில்லை என்றும் எஃப்டிஏ சொன்னது. குழிகளில் ஒட்டும் கிருமியா, ஓயாத அழற்சியா, எது காரணம் என்ற விவாதம் ஓடுகிறது.

அதனால்தான் 'இழையமைப்பு' எனக்கு உறுத்துகிறது. கேட்டால் பட்டுப்புடவை ஞாபகம்தான் வரும். 'சொரசொரப்புப் பரப்பு' என்று எழுதலாம். பிரான்ஸ் 2019-இல் தடை செய்த, சொரசொரப்பு மிகுந்த 'மேக்ரோ டெக்ஸ்சர்டு' வகைக்கு 'பெருஞ்சொரசொரப்பு' என்றால் வாய் நோகும், 'பெருங்குழிப் பரப்பு' போதும்.